டல்லாஸ் தம்பியின் போட்டுக்கு ஒரு பெட்டி ரோஸ் மருந்து

எழுதிப் பழகாத கை இது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எங்கே புள்ளி வைக்க வேண்டும், எங்கே புதுப் பத்தி தொடங்க வேண்டும் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. மறதியும் வந்துவிட்டது. டீக்கு வெந்நீர் வைத்துவிட்டு டீயே குடிக்காமல் போய்ப் படுத்துக்கொள்கிற ஆள் நான். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் போட் யார்டை நடத்துகிற உங்கள் முதலாளி எனக்குக் கொழுந்தன். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது காரில் வைத்துச் சொன்னார்: "மதினி, புதுசா பிள்ளைய வேலைக்கு வந்திருக்கு. ஒரு நாளு யார்டுக்கு வந்து அதுகள்ட்ட பேசுங்களேன்."

நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் எழும்பாது. மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். "அப்ப எழுதியாவது குடுங்க, குரூப்புல போடுதேன்" என்றார். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அதனால் சரி என்றேன். தாளில் எழுதி மருமகளிடம் கொடுக்கிறேன், அவள் போனில் அடித்துப் போடுவாள்.

வால்வை எந்தப் பக்கம் திருப்புவது, மருந்தை எப்படி ஊற்றுவது என்பதெல்லாம் வேலையில் காட்டிவிடுவார்கள். அதை நான் எழுதவில்லை. ஒரே ஒரு போட்டில் ஒரே ஒரு மத்தியானம் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன். அது புரிய வேண்டும் என்பதற்காக ஏசி பற்றி மட்டும் நாலு வரி சொல்கிறேன்.

போட்டில் இருக்கும் ஏசி வீட்டு ஏசி மாதிரி இல்லை. அடியில் ஒரு வால்வு வழியாக வெளித்தண்ணீரை இழுத்துக் குடிக்கும். வேலை முடிந்ததும் பக்கவாட்டில் உள்ள ஓட்டை வழியாகத் துப்பிவிடும். வெயில் காலத்தில் குளிர் கொடுக்கிற அதே மிஷின்தான் குளிர் காலத்தில் சூடும் கொடுக்கும். நம் நியூ ஜெர்சி குளிரில் அதன் வயிற்றில் தண்ணீர் நின்றுவிட்டால் உறைந்து, வீங்கி, எதையாவது உடைத்துவிடும். அதனால் குளிர் வருவதற்கு முன்னால் வால்வை மூடி, தண்ணீரை எடுத்துவிட்டு, உறையாத ரோஸ் நிற மருந்தை உள்ளே ஓட்டுகிறோம். துப்புகிற ஓட்டையில் நல்ல ரோஸ் வந்தால் வேலை முடிந்தது.

இதில் நம் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வால்வை மூடியதும் போட்டின் சாவியைக் கொண்டுபோய் அந்த வால்வின் கைப்பிடியிலேயே மாட்டிவிடுவோம். யாராவது போட்டைக் கிளப்ப நினைத்தால் சாவிக்கு அங்கேதான் வந்தாக வேண்டும். வந்தால் மூடியிருப்பது கண்ணில் படும்.

என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர் என்ஜின் பார்த்தார், நான் போட்டுகளைக் கழுவித் துடைத்தேன். எனக்கு உடம்பு சின்னது. தரைப்பலகைக்கு அடியில் மற்றவர்கள் நுழைய முடியாத இடத்தில் நான் நுழைந்துவிடுவேன். அப்படித்தான் ஏசி மூடுகிற வேலை என் கைக்கு வந்தது. அவர் போன பிறகும் அதையே செய்துகொண்டிருந்தேன்.

நான் சொல்லும் போட் எடிசன் ஊர்ப் பக்கத்து நண்பர்கள் இரண்டு பேர் பாதிப் பாதிப் பணம் போட்டு வாங்கியது. இரண்டு பேரும் கம்ப்யூட்டர் வேலை. கோடையில் பிள்ளைகளுக்குக் கேக் வெட்டவும், ஊரிலிருந்து வருகிற அப்பா அம்மாவை முன்னால் உட்கார வைத்துப் படம் எடுக்கவும்தான் அந்தப் போட் பெரும்பாலும் வெளியே போகும். அந்த இரண்டு பேரில் ஒருவர்தான் இந்தக் கதையின் ஆள். பெயர் வேண்டாம். டல்லாஸ் தம்பி என்று வைத்துக்கொள்வோம், ஏன் என்று பிறகு தெரியும். எழுதச் சொல்லி அவரே சம்மதம் கொடுத்திருக்கிறார்.

நவம்பர் மாதம். போட்டுகளைக் கரைக்குத் தூக்கும் கிரேனுக்கு வரிசை நீண்டிருந்தது. அந்தப் போட் இன்னும் ஆற்றுத் தண்ணீரில்தான் கிடந்தது. டல்லாஸ் தம்பியின் கூட்டாளி போன் பண்ணி, தூக்கும்போது தூக்குங்கள், ஏசியை முதலில் மூடிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். ஒரு திங்கட்கிழமை காலையில் போய் மூடினேன். ரோஸ் வந்ததைப் பார்த்தேன். சாவியை மாட்டினேன்.

புதன்கிழமை மத்தியானம் கொழுந்தன் போன் பண்ணினார். அன்று இரவு காற்றும் கடுங்குளிரும் சேர்ந்து வருகிறது, கயிறுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். நான் போட்டுகளைக் கட்டியிருக்கும் பலகைப் பாதையில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தப் போட்டின் அருகில் வந்ததும் நின்றுவிட்டேன். நான் மூடிய போட் பக்கவாட்டில் தண்ணீர் துப்பிக்கொண்டிருந்தது. ரோஸ் இல்லை, வெறும் தண்ணீர்.

கொழுந்தனைக் கூப்பிட்டேன்.

"மூடலியா மதினி?"

"மூடினேன்யா. சாவிகூட மாட்டினேன்."

 பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்: "மறந்திருப்பிய. வயசு ஆகுதுல்லா. பரவால்ல, ஒரு பெட்டி மருந்து எடுத்துட்டுப் போய் இன்னொரு தடவ பண்ணிருங்க. காத்துல கரண்டு போச்சுன்னா பம்பு நின்னுரும். உள்ள நிக்கிற தண்ணி விடியிறதுக்குள்ள கட்டியாயிரும்."

அப்படிச் சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. திங்கட்கிழமை நான் மூடியது இந்தப் போட்டா, பக்கத்துப் போட்டா? வண்டியிலிருந்து மருந்துப் பெட்டியை இறக்கினேன்.  வயதான பிறகு யாராவது "மறந்திருப்பீர்கள்" என்று சொன்னால் நாம் நம்மை விட்டுவிட்டு அவர்களை நம்பிவிடுகிறோம். பிள்ளைகளே, நீங்கள் மூடியது திறந்திருந்தால் முதலில் உங்களைச் சந்தேகப்படாதீர்கள், அடுத்தவரிடம் சத்தமும் போடாதீர்கள். உள்ளே போய்ப் பாருங்கள். உள்ளே போனால்தான் தெரியும்.

போட்டில் ஏறி உள்கதவைத் திறந்தேன். முகத்தில் சூடு அடித்தது. வாசலில் ஒரு ஜோடி ஷூ, பக்கத்தில் ஒழுங்காக மடித்த சாக்ஸ். மேசைக்குப் பின்னால் சுவரில் பழுப்பு நிறப் போர்வை ஒன்று கட்டியிருந்தது, பக்கத்தில் ஒரு மேசை விளக்கு. மேசையில் லேப்டாப். முன்னால் டல்லாஸ் தம்பி உட்கார்ந்திருந்தார். மேலே தேய்த்த நீலச் சட்டை, கழுத்துப் பட்டன் வரை போட்டது. கீழே கட்டம் போட்ட லுங்கி.

என்னைப் பார்த்ததும் எழுந்தார், தலை கூரையில் இடித்தது.

"ஆன்ட்டி… உக்காருங்க ஆன்ட்டி."

எனக்கு வந்த வெட்கத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. குளியலறைக் கதவைத் தட்டாமல் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. தரைப்பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "வால்வத் திறந்தது நீங்களா தம்பி?"

"நான்தான். வீடியோ பாத்துத் திறந்தேன். சாவிய எடுத்த இடத்துலயே திரும்ப மாட்டிட்டேன் ஆன்ட்டி. எலுமிச்சம்பழம் கட்டுற மாதிரி ஏதோ வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

பலகையைத் தூக்கிப் பார்த்தேன். வால்வு திறந்திருக்கிறது, அதன் மேல் சாவி பத்திரமாகத் தொங்குகிறது. சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். எனக்குள் பெரிய பாரம் ஒன்று இறங்கியது, நான் மறக்கவில்லை.

பிறகு அவராகவே சொன்னார். சில வருடங்களாக டல்லாஸில் ஒரு கிளையண்ட். திங்கள் காலை சூட்கேஸோடு ஏர்போர்ட், வியாழன் ராத்திரி வீடு. நம் ஆட்களில் எத்தனையோ பேர் அப்படிப் போய் வருகிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த வேலை போய்விட்டது.

"வீட்ல சொல்லலியா?"

"முதல் வாரம் சொல்ல வாய் வரல. ரெண்டாவது வாரம், முதல் வாரமே சொல்லலையேன்னு சொல்லல. அப்புறம் அதுவே பழகிடுச்சு ஆன்ட்டி. திங்கக்கிழமை சூட்கேஸ எடுத்துட்டுக் கிளம்புறேன். இங்க வந்துடுறேன். வியாழக்கிழமை எல்லாத்தையும் மூட்டை கட்டிடுவேன்."

"இந்தப் போர்வை எதுக்கு?"

"ஹோட்டல் ரூம் மாதிரி தெரியணும்ல. பொண்ணு ஸ்கூல் விட்டு வந்ததும் வீடியோ கால் பண்ணுவா. இன்டர்வியூவும் இங்கேருந்துதான்."

மேசையில் பாதி பிரெட் பாக்கெட்டும் ஊறுகாயும் இருந்தன. சோறு பொங்குவதில்லையா என்று கேட்டேன். அரிசி தீர்ந்துவிட்டது என்றார். ஐசலினில் நம் ஊர்க் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டுக்கு வாரநாளில் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள், டல்லாஸில் இருக்க வேண்டிய ஆள் புதன்கிழமை கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்குச் செய்தி போய்விடும் என்றார். அதைச் சொல்லும்போதும் சிரிக்கத்தான் பார்த்தார்.

"தம்பி, நான் இத மூடணும்" என்றேன்.

"இன்னிக்கு ஒரே ஒரு நைட் ஆன்ட்டி. நாளைக்கு நான் வீட்டுக்குப் போயிடுவேன். நாளைக்குக் காலைல ஒரு ஃபைனல் ரவுண்ட் இருக்கு. அது முடியட்டும், நானே போன் பண்றேன், வந்து மூடிக்கோங்க. ப்ளீஸ்."

ஒரே ஒரு இரவு.  அவர் கேட்டது பெரிதாகவே தெரியவில்லை. எழுந்து போய்விட்டால் போதும், அவருக்கும் சூடு இருக்கும், எனக்கும் வேலை மிச்சம். இரக்கம் ஒரு பக்கம் இழுக்கும்போது கை வால்வுக்குப் போகாது.

ஆனால் அது எந்த இரவு என்று எனக்குத் தெரியும். அந்த மிஷின் வெளித்தண்ணீரில் இருக்கிற சூட்டைத்தான் பிடுங்கி உள்ளே ஊதுகிறது. ஆறே குளிர்ந்து கிடக்கும்போது பிடுங்குவதற்கு என்ன இருக்கும்? அதற்கு மேல் கரண்ட் போனால் பம்ப் நிற்கும். வால்வுக்குப் பக்கத்தில் இருக்கும் வடிகட்டிக் கிண்ணம் உறைந்து விரிசல் விடும். அது விரிந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. ஐஸ் உருகும்போதுதான் ஆறு அந்த வழியாக உள்ளே வரும். மனிதர் அதற்கு மேலே ஒரு மெத்தையில் தூங்கிக்கொண்டிருப்பார்.

"மூடிட்டா ராத்திரி என்ன செய்விய?" என்று கேட்டேன்.

கண்ணால் ஒரு மூலையைக் காட்டினார். முகாம் போகிறவர்கள் கொண்டு போகும் சின்ன கேஸ் அடுப்பு, உருளையோடு, அட்டைப் பெட்டியைப் பிரித்து வைத்திருந்தது.  மூடிய அறையில் அது எரிந்தால் தூக்கம் நன்றாக வரும், எழுந்திருக்கத்தான் வராது.

திறந்துவிட்டுப் போனாலும் ஆபத்து, மூடிவிட்டுப் போனாலும் ஆபத்து. இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. இரண்டிலும் பொதுவாக இருந்தது நான் போய்விடுவது. மூட வேண்டியதை மூடத்தான் வேண்டும், அதில் பேரம் இல்லை. ஆனால் மூடிய பிறகு அங்கேயே இருக்கலாம் அல்லவா?

"எங்க வீட்டுக்கு வாங்க தம்பி. மருமகளும் பேரனும் இருக்காக. சோபா இருக்கு."

"வேணாம் ஆன்ட்டி. உங்க மருமக தமிழ்ச் சங்கத்துல இருக்காங்கல்ல."

"அப்ப ஹோட்டலு?"

"கார்டு பில் அவதான் பாப்பா. ஜெர்சில ஹோட்டல்னு வந்தா…" மேலே சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம், அவர் மனைவி அதை எப்படிப் புரிந்துகொள்வார் என்று எனக்கே தெரிந்தது.

போன் அடித்தது. கொழுந்தன். டல்லாஸ் தம்பி இரண்டு கையையும் சேர்த்து என்னைப் பார்த்தார். என்னைவிட எவ்வளவோ படித்த மனிதர் கை கூப்பி நிற்பதைப் பார்க்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினேன்.

"என்ன மதினி, யாரும் திறந்திருக்காவளா? கூட்டாளிக்குப் போன் போட்டுக் கேக்கவா?"

"வேண்டாம்யா. நான்தான் மறந்துட்டேன் போல. இப்ப மூடிருதேன்."

"நான் அப்பவே சொன்னேன்லா" என்று வைத்துவிட்டார்.

டல்லாஸ் தம்பி தலையைக் குனிந்துகொண்டார். ஆறுதல் சொல்ல எனக்கு வராது, புத்தி சொல்லவும் வராது. வேலை சொல்ல வரும். "லுங்கிக்கு மேல ஒரு ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு வெளிய போய் நில்லுங்க. நான் உள்ள மருந்து ஊத்துதேன். ஓட்டைல ரோஸ் வருதான்னு பாத்துச் சொல்லுங்க. ஒரு ஆளா செஞ்சா எனக்கு ஏறி இறங்க முட்டி வலிக்கி" என்றேன். அந்தக் கேஸ் உருளையை மட்டும் எடுத்து என் வாளிக்குள் போட்டுக்கொண்டேன். அவர் சட்டையின் மேல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, போனைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வால்வை மூடினேன். சூட்டை அணைத்து, வடிகட்டியைத் திறந்து தண்ணீரை எடுத்தேன். பம்பைப் போட்டு முதல் பாட்டிலை ஊற்றினேன். அது தீர்ந்ததும் பம்பை நிறுத்தினேன்.

"தண்ணிதான் ஆன்ட்டி, லேசா கலங்கலா" என்று மேலிருந்து குரல் வந்தது.

இரண்டாவது பாட்டில். அதுவும் தீர்ந்ததும் நிறுத்தினேன்.

"ரோஸ் வந்துடுச்சு ஆன்ட்டி. நல்ல ரோஸ்."

அவர் குரலில் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு தன் கண்முன்னால் ஒரு வேலை ஒழுங்காக முடிவதைப் பார்க்கிற குரல்.

அப்போதுதான் அவர் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. பள்ளிக்கூடம் விடும் நேரம் என்று எனக்கு உறைத்தது. அவர் உள்ளே ஓடி வந்து போர்வைக்கு முன்னால் உட்காருவார் என்று நினைத்து, நான் பலகையை ஒதுக்கி வழி விட்டேன். காலடிச் சத்தம் கேட்கவில்லை. போன் மூன்றாவது தடவை அடித்தது. பாதியில் நின்றது.

"அப்பா! வேர் ஆர் யூ?" சின்னப் பெண் குரல்.

அதே குரல் மறுபடி கேட்டது:

"இஸ் தட் அவர் போட்? அப்பா, வொய் இஸ் அவர் போட் த்ரோயிங் அப் ரோஸ் மில்க்?"

பம்பை நிறுத்திய பிறகும் மிச்ச ரோஸ் வழிந்துகொண்டிருந்திருக்கும். அடியில் குனிந்துகிடந்த நான் வாயைப் பொத்திக்கொண்டேன். வெளியே அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது.

"ஆமாடா குட்டி. நம்ம போட்டுதான். அப்பா டல்லாஸ்ல இல்ல."

நான் அங்கே இருக்கக் கூடாது என்று தோன்றியது. ஆனால் வெளியே போக ஒரே வழி, அவர் நிற்கிற வழி. ஒரு மனிதர் அப்படி நிற்கும்போது வாளியோடு அவரைக் கடந்து போக என்னால் முடியாது. காதைப் பொத்தினாலும் கேட்கும். அதனால் மூன்றாவது பாட்டிலைத் திறந்தேன். பம்பைப் போட்டால் அந்த இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்காது. எனக்குக் கேட்கவில்லை என்று அவருக்கும் தெரியும். ரோஸ் வந்துவிட்ட குழாயில் மறுபடி மருந்தை ஊற்றினேன்.

பாட்டில் தீர்ந்தது. நிறுத்தினேன். இப்போது போனில் ஒரு பெண் குரல். "எவ்ளோ நாளா?" என்று மட்டும் கேட்டது. சத்தமே போடாமல் கேட்டது, அதுதான் பயமாக இருந்தது. அடுத்த பாட்டிலைத் திறந்து பம்பைப் போட்டேன்.

மறுபடி நிறுத்தியபோது அவர் பேசிக்கொண்டிருந்தார். "…உன்கிட்ட சொல்லிட்டா அது நெஜமாயிடும்னு…" கையில் இருந்ததை ஊற்றாமல் கீழே வைத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை, ஊற்றினேன்.

கடைசிப் பாட்டிலும் காலியானது. இனி ஊற்ற ஒன்றுமில்லை. பம்பை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போட்டுக்குள் அதற்குள் குளிர் ஏறிவிட்டது, என் மூச்சு எனக்கே புகையாகத் தெரிந்தது. அந்தப் பெண் குரல் இப்போது நன்றாகவே சத்தம் போட்டது.

"அந்த லுங்கியோடயா வெளில நிக்கறீங்க? எல்லாரும் பாக்கறதுக்கு?"

"இங்க யாரும் இல்லம்மா."

"ஜாக்கெட் ஜிப்ப மேல இழுங்க மொதல்ல. நான் உங்ககிட்ட இன்னும் நெறைய பேசணும். போன்ல இல்ல."

பின்னாலிருந்து அந்தச் சின்னக் குரல்: "ஸோ இஸ் அப்பா கமிங் ஃபார் டின்னர் ஆர் நாட்?"

அதற்கு அந்த அம்மா என்ன பதில் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் உள்ளே வந்தார். சுவரில் கட்டியிருந்த போர்வையை அவிழ்த்து, நான்காக மடித்தார். சூட்கேஸை இழுத்துச் சாமான்களை வைத்தார். நான் சாவியை வால்வில் மாட்டினேன்.

போகும்போது காலி பாட்டில்களைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "மூணாவது தடவ ரோஸ் வந்தப்பவே புரிஞ்சுது ஆன்ட்டி. தேங்க்ஸ்."

"குழாய் நீளம் தம்பி" என்றேன்.

கொழுந்தனிடமும் அதையேதான் சொன்னேன். "ஒரு சின்ன ஏசிக்கு ஒரு பெட்டி மருந்தா மதினி? குழாய் என்ன, நியூயார்க் வரைக்கும் போவுதா?" என்று யார்டில் எல்லோரும் சிரிக்கக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று இரவு காற்றில் எங்கள் பக்கத்தில் பாதி வரிசைக்குக் கரண்ட் போனது. காலையில் போய்ப் பார்த்தேன். அந்தப் போட் ஆடாமல் அசையாமல் நின்றது.

அதன் பிறகு நான் மூடிய ஒவ்வொரு போட்டையும் இன்னொரு ஆள் போய்ப் பார்க்கும்படி கொழுந்தன் ஏற்பாடு செய்தார். நல்லதற்குத்தான் செய்தார். ஆனாலும் எனக்குப் பின்னாலேயே ஒருவர் வந்து பலகையைத் தூக்கிப் பார்ப்பது மனதுக்கு என்னவோபோல் இருக்கும். அடுத்த வருடம் முட்டியும் சேர்ந்துகொண்டது, வேலையை விட்டுவிட்டேன். கொழுந்தனாரே, இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள். டீ போட மறக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன். அந்த வால்வை நான் மறக்கவில்லை.

டல்லாஸ் தம்பிக்கு அந்த ஃபைனல் ரவுண்ட் வேலை கிடைக்கவில்லை. அதைவிடச் சின்ன வேலை ஒன்று, வீட்டிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில், சில மாதம் கழித்துக் கிடைத்தது. மனைவி பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பிறகு ஒரு நாள் அவருடைய ரெஸ்யூமைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, இப்படி எழுதினால் யார் கூப்பிடுவார்கள் என்று திட்டிக்கொண்டே முழுவதும் திருத்தினாராம். போன கோடையில் மகளோடு யார்டுக்கு வந்திருந்தபோது இதையெல்லாம் சொன்னார். அந்தப் பெண் என்னை ரோஸ் மில்க் ஆன்ட்டி என்று கூப்பிட்டாள். இப்போது கொழுந்தன் எழுதச் சொன்னதும் அவருக்குப் போன் போட்டுக் கேட்டேன், எழுதலாமா என்று. எழுதுங்கள் ஆன்ட்டி, யாருடைய போட்டிலாவது இப்படி ஒரு தம்பி இருந்தாலும் இருப்பான் என்றார்.

பிள்ளைகளே, நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். குளிர்ந்த இடத்தில் ஒரு மிஷினை நிறுத்தப் போகும்போது, அது யாரையாவது சூடாக வைத்திருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். வாசலில் ஷூ இருக்கிறதா பாருங்கள். யாராவது இருந்தால், பாவம் என்று திறந்து விட்டுவிடாதீர்கள். மூடுங்கள். மூடிவிட்டு, உடனே கிளம்பிவிடாதீர்கள்.

இனி ஒரு உதவி. நான் வேலையை விட்ட பிறகு விதிகள் மாறியிருக்கலாம். மருந்தை ஆற்றில் விடலாமா, வாளியில் பிடிக்க வேண்டுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வால்வு, வடிகட்டி பற்றி நான் எழுதியதிலும் தப்பு இருக்கும், கொழுந்தன் ஒரு தடவை படித்துத் திருத்திவிட்டால் நல்லது. முக்கியமாக, அந்த அளவு போட்டுக்கு எத்தனை பாட்டில் மருந்து வேண்டும் என்பதை யாராவது சரிபார்த்து இதன் கீழே எழுதிவிடுங்கள். நான் ஊற்றியதைப் பார்த்துவிட்டு யாரும் ஒரு பெட்டியை ஊற்றிவிட வேண்டாம். ரோஸ் இரண்டாவது பாட்டிலிலேயே வந்துவிட்டது.